தாள் கிழிக்காத கம்ப்யூட்டர்

நீச்சல் தெரியும் என்று பொய் சொன்னால் கிணற்றங்கரையில் மாட்டிக்கொள்வோம். சமைக்கத் தெரியும் என்று பொய் சொன்னால் முதல் வாய்ச் சோற்றில் மாட்டிக்கொள்வோம். கம்ப்யூட்டர் தெரியும் என்கிற பொய் மட்டும் பல வருஷம் தாங்கும். காரணம், கேட்கிற ஆளுக்கும் தெரியாது. என் பொய் நாலு வருஷம் தாங்கியது. ஐந்தாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, அரியலூரில், காலை பத்தரைக்குப் படுத்துப் பன்னிரண்டுக்குள் செத்துப்போனது. அதன் சாவுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். காலையில் நாற்பது கம்ப்யூட்டர்களை எழுப்ப வேண்டும், மாலையில் தூங்கவைக்க வேண்டும். நடுவில், மவுசின் வயிற்றில் இருக்கும் ரப்பர் உருண்டையைப் பிள்ளைகள் களவாடிக் கோலி விளையாடாமல் காக்க வேண்டும். (அந்தக் கால மவுசுக்கு வயிறு உண்டு. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் டைனோசர் பார்த்தவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.) சரியாக நாலரைக்கு வாசலில் நின்று, "கரண்ட் ஆஃப் பண்ணப் போறேன், சேவ் பண்ணிக்கங்கப்பா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். என் வேலையில் திறமை தேவைப்பட்ட ஒரே பகுதி அதுதான்.

கல்யாணத் தரகரிடம் அம்மா இதை அப்படியே சொன்னார். தரகர் அதை அரியலூருக்கு எடுத்துப் போனபோது, "காலேஜ்ல அத்தனை கம்ப்யூட்டரும் பையன் கண்ட்ரோல்ங்க. அவரு சுவிட்சு போட்டாத்தான் ஒண்ணொண்ணும் ஓடும்" என்றாராம். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் வழியில் பேரளி ஊரைத் தாண்டுவதற்குள் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டேன். எனக்கு அது தெரியவந்தபோது மறுத்திருக்கலாம். கண்ணாடியில் முகம் பார்த்தேன். இன்ஜினியர் மாதிரித்தான் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

பெண்ணின் அப்பா ரத்தினம் அரியலூரில் லாரி ஆபீஸ் வைத்திருந்தார். முன்புறம் ஆபீஸ், பின்புறம் வீடு. சுண்ணாம்புக்கல் ஏற்ற மூன்று லாரிகள். ஊரே வெள்ளையாகப் பவுடர் பூசிக்கொண்ட மாதிரி இருக்கும், லாரிகளுக்கும் பூசியிருக்கும், மாமாவின் மீசையிலும் கொஞ்சம். பெண் பார்க்க நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கண்டிப்பா வந்துருங்கம்மா. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்கு முந்தி வந்துருங்க. அப்பறம்... தம்பிகிட்ட ஒரு சின்ன வேலை இருக்கு. கம்ப்யூட்டர் விஷயந்தான். அவருக்கு ரெண்டு நிமிஷம்."

விஷயம் இதுதான். கல் வாங்கும் ஃபாக்டரி அந்த மாதம் ஒரு புதுமுறை கொண்டுவந்திருந்தது. எந்த லாரி என்றைக்கு லோடு ஏற்றலாம் என்பதை இனிமேல் ஈமெயிலில்தான் சொல்லுவார்கள். ஒவ்வொரு லாரி ஆபீசுக்கும் தங்கள் சர்வரிலேயே ஒரு முகவரி கொடுத்துவிட்டார்கள். அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராமில் பாதுகாப்பான இணைப்போடு பொருத்திக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மெயிலைப் பார்த்துப் பதில் போடாத ஆபீசின் முறை அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான் மழையில் குவாரி மூடிக் கிடந்தது. மூன்று லாரிகளும் வாசலில் வெறும் வயிற்றோடு நின்றன. மூன்று டிரைவர்களும் லாரி நிழலில் உட்கார்ந்து, உள்ளே போகும் என்னை மருத்துவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அம்மா என் நெற்றியில் சிறுவாச்சூர்க் குங்குமத்தை இன்னொரு தடவை அப்பினார்.

உள்ளே கூடத்தில் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது. முறைப்படி முதலில் பெண் பார்க்க வேண்டும். ஆனால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார் மாமா. கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்து இருவத்தஞ்சு. பொண்ணை எப்ப வேணா பாத்துக்கலாம், வூட்டுலதான இருக்கு. மொதல்ல கம்ப்யூட்டர்ல கைய வச்சிருங்க தம்பி. நல்ல நேரத்துல ஆரம்பிச்சாப் போதும், முடிக்கிறது எப்ப முடிஞ்சாலும் தோசமில்ல."

பத்து இருபத்தெட்டுக்கு நான் மவுசில் கை வைத்தேன். பின்னால் அரைவட்டமாக நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மலர்விழி (அதுதான் பெண்ணின் பெயர்) கதவுக்குப் பின்னால் இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. என் வாழ்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மேடை அதுதான்.

மெயில் புரோகிராமைப் பொருத்துவது பெரிய வித்தையல்ல. கடிதம் வாங்க ஒரு வாசல், அனுப்ப ஒரு வாசல். வாசலுக்கு ஓர் எண். 'பூட்டிய பையில்தான் வாங்குவேன்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அப்போது சர்வர், தான் நிஜமான ஆள்தான் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். நம் கம்ப்யூட்டர் அதை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினால் கடிதம் வரும். அவ்வளவுதான். இதையெல்லாம் ஃபாக்டரியே ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. மாமா அதை நீட்டினார்.

"அதெல்லாம் வேணாங்க" என்றேன். "இது நமக்கு டெய்லி வேலை."

(எங்கள் லேபில் இன்டர்நெட்டே கிடையாது.)

அரைமணி நேரம் தாளில்லாமல் தடவிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி தாளை இழுத்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். தாளில் இருந்தபடி முகவரி, கடவுச்சொல், வாசல் எண் எல்லாம் போட்டு, பாதுகாப்புக்கு டிக் அடித்து, 'அனுப்பு, பெறு' என்பதை அழுத்தினேன். ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் தொடரவா? ஆமாம், இல்லை.

ஃபாக்டரித் தாளின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ஆமாம் என்று அழுத்தாதீர்கள். எங்களை அழையுங்கள்.'

'இல்லை' என்று அழுத்தினேன். மறுபடி முயன்றேன். மறுபடி முக்கோணம். 'இல்லை.' பூட்டு வேண்டாம் என்று டிக்கை எடுத்துப் பார்த்தேன். பூட்டில்லாமல் வந்தால் வாசலிலேயே நில் என்று சர்வர் சொல்லிவிட்டது. வாசல் எண்களை மாற்றிப் பார்த்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். அதன் பச்சை விளக்குகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தன. ஒரு கட்டத்தில் மானிட்டரின் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்கும் மெயிலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் கை சும்மா இருந்தால் மானம் போகிறது.

"என்ன தம்பி சொல்லுது அது?" என்றார் மாமா.

சுருள் பாம்பு மாதிரி இருந்த அந்த ஐந்து வரியில் நான் முதல் இரண்டைத்தான் படித்தேன். கடைசி வரியில், 'உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டால்' என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் இன்ஜினியர்கள் கடைசி வரிவரை படிப்பதில்லை என்று யாரோ என்னிடம் சொன்னமாதிரி ஒரு ஞாபகம்.

"நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க" என்று நாற்காலியில் சாய்ந்தேன். "ஃபாக்டரி சர்வரோட சான்றிதழ்தான் சரியில்ல. அதை நம்ப முடியாது."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. சித்தப்பா ஒருவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். (எது தெரியும் என்று இன்றுவரை சொல்லவில்லை.)

மணி பதினொன்று இருபத்தெட்டு. மாமா போனை எடுத்து ஃபாக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடித்தார். ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, உங்க சர்வரே சரியில்லன்னு எங்க மாப்ள சொல்றாரு! சான்றிதழ் செல்லாதாம்ல! அவரு கம்ப்யூட்டர் இன்ஜினியரு!"

காலையிலிருந்து 'தம்பி'யாக இருந்த நான் அப்போதுதான் முதல்முறையாக மாப்ளை ஆனேன். கதவுக்குப் பின்னால் வளையல் ஒருமுறை குலுங்கியது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

எதிர்முனையில் ஓர் இளைஞன் குரல் பொறுமையாக வந்தது. "மத்த லாரி ஆபீஸ் எல்லாரும் காலையிலேயே கனெக்ட் ஆயிட்டாங்க சார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அவருகிட்டக் குடுங்க, நான் பேசறேன்."

மாமா போனை என் பக்கம் தள்ளினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனுக்கு விளங்கக் கூடாது என்கிற ஒரே நோக்கத்தோடு ஆங்கிலத்தில் பேசினேன். பேசப் பேச அவன் அமைதியானான். அடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அண்ணே..." என்றான் அவன். "லேப் அண்ணனா?"

நான் ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடினேன்.

"அண்ணே, நான் சதீஷ்ணே! பெரம்பலூர் காலேஜ், மூணாவது வரிசை ஜன்னலோரம்! 'கரண்ட் ஆஃப் பண்ணப் போறேன், சேவ் பண்ணிக்கங்கப்பா'ன்னு கத்துவீங்களே, அந்தக் குரலை மறக்க முடியுமாண்ணே? எங்க செட்டே இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கும்ணே! நீங்க எப்பண்ணே இன்ஜினியர் வேலைக்கு வந்தீங்க? இன்னும் சுவிட்சு போடற வேலைதான் பாக்குறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

பாவம், அவனுக்கு உண்மையான சந்தோஷம். ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். ஒரு சொல் வீணாகவில்லை. கூடத்தில் பதினோரு பேரும் கேசரித் தட்டைப் பிடித்தபடி உறைந்துபோனார்கள். வெளியே ஒரு டிரைவர் இருமினார். நான் நாற்காலியோடு அப்படியே சுண்ணாம்புக் குவாரிக்குள் இறங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"ஒரு நிமிசம் தம்பி" என்று மாமா போனைக் கீழே வைத்தார். அந்தத் 'தம்பி' அவனுக்கா எனக்கா என்று தெரியவில்லை. ஆனால் மாப்ளை பதவி போய்விட்டது தெரிந்தது. அது மொத்தம் மூன்று நிமிடம் நீடித்தது. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் வாசலில் நின்ற லாரிகளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. மலர்விழி காபித் தட்டோடு வந்தாள். பெண் பார்க்கும் படலம் இப்படி ஆரம்பிக்கும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள். எனக்குக் காபி வைக்கக் குனிந்தவள் மானிட்டரைப் பார்த்தாள். வலது பக்க மூலையைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பெண், பார்க்க வந்தவனோடு நேராகப் பேசுவது வழக்கமில்லை. பின்னால் நின்ற தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, இன்னைக்குத் தாள் கிழிச்சாச்சா?"

"காலையில குளிச்ச கையோட கிழிச்சிட்டேனே. ஏண்டி இப்ப?"

"சொவத்துல கிழிச்சிட்ட. இதுல யாரு கிழிக்கிறது?"

எல்லோரும் மானிட்டரின் மூலையைப் பார்த்தோம். அந்தக் கம்ப்யூட்டருக்கு அன்றைக்கு ஜனவரி ஒன்றாம் தேதி. அதுவும் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. ஃபாக்டரியின் சான்றிதழ் அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றிதழை அது எப்படி நம்பும்? ராகு காலத்துக்காகச் சுவர்க் காலண்டரை நாலு தடவை பார்த்த குடும்பமும், அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த இன்ஜினியரும் இந்தக் காலண்டரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காரணம் சாதாரணம். கம்ப்யூட்டருக்குள் கடிகாரம் ஓட, பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்திருந்தது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை தெரியாது. ஆனால் அத்தை, அதாவது மலர்விழியின் அம்மா, தினமும் படுக்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவார். ("பல்லி கில்லி பூந்து வெடிச்சிட்டா?") அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தினமும் புது வருஷப் பிறப்பு. எங்கள் லேபில் ஏழு கம்ப்யூட்டர்களுக்கு இதே வியாதி இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். லேபில் எது எந்த வருஷத்தில் இருந்தால் யாருக்கு என்ன? கண்டுகொண்டதே இல்லை.

"காலையிலயே சொன்னேன்ப்பா, தேதி தப்பா இருக்குன்னு" என்றாள் மலர்விழி. "'அந்தத் தம்பி வந்து பாத்துக்குவாரு, நீ போய்ப் பொடவைய மாத்து'ன்னுட்டீங்க."

மவுசை என் கையிலிருந்து அவள் வாங்கவில்லை. அந்த மரியாதையை இன்றுவரை மறக்கவில்லை. "அம்மா, அந்த மணி இருக்குற எடத்துல ரெண்டு தடவ அமுக்கச் சொல்லு" என்றாள். அமுக்கினேன். "வருசத்த மாத்தச் சொல்லு." மாற்றினேன். "மாசம்." அத்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல, நான் செய்தேன். தாசில்தார் ஆபீசில் மனு போவதுபோல வழிமுறைப்படி எல்லாம் நடந்தது.

'அனுப்பு, பெறு.' முக்கோணம் வரவில்லை. ஒரு சின்ன கோடு ஓடியது. ஒன்பது மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மாமாவின் லாரிகளுக்குத் திங்கட்கிழமை முறை. மலர்விழி சொல்லச் சொல்ல (அத்தை வழியாகத்தான்) லாரி நம்பர்களைத் தட்டி, பதில் அனுப்பியபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். மாமா வாசலுக்குப் போய், "திங்கக்கெழமடா!" என்றார். அங்கிருந்து ஒரு விசில் கேட்டது.

உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க தம்பி. இன்ஜினியருன்னு சொன்னது யாரு?"

"தரகர்ங்க."

"நீங்க?"

"நான் இல்லன்னு சொல்லலைங்க."

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அங்க உக்காந்து ஆறு தடவை 'இல்லை'ன்னே அமுக்குனாருல்ல, அதைக் கதவிடுக்குல பாத்துட்டுத்தாம்மா இருந்தேன். ஒரே ஒரு தடவ 'ஆமா'ன்னு அமுக்கியிருந்தா வேலையும் முடிஞ்சிருக்கும், மானமும் பொழச்சிருக்கும். அமுக்கல. செய்யாதன்னு போட்டிருக்கிறத செய்யல. அது போதும்மா."

நான் பயந்துகொண்டுதான் அமுக்கவில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. (அன்றைய நாளில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு.)

"அப்பறமென்ன" என்றார் மாமா. "மாப்ளைக்கு இன்னொரு கேசரி வையிங்க."

கல்யாணத்துக்குச் சதீஷும் வந்தான். மணவறையில் நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில், "அண்ணே, சேவ் பண்ணிக்கங்கண்ணே!" என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினான். நாளடைவில் நான் லேபை விட்டுவிட்டு எழுத்தை நம்பிப் பிழைக்கப் போனேன். லாரி ஆபீஸ் மலர்விழி கைக்கு வந்தது. இன்றைக்கு லாரிகளும் மூன்றோடு நிற்கவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அவள் சொல்லும் ஒரு வசனம் உண்டு. "தரகர் நீட்டுன சான்றிதழ் செல்லாதுன்னு ஸ்பீக்கர்லயே சொன்னாங்க. 'இருந்தாலும் தொடரவா'ன்னு கேட்டப்ப 'ஆமா'ன்னு அமுக்குனது நான்தான். யாரைக் குத்தம் சொல்ல?"

எங்கள் வீட்டில் எது ஓடாவிட்டாலும் முதல் கேள்வி, "தாள் கிழிச்சாச்சா?" என்பதுதான். மிக்சி ஓடவில்லையா? தாள் கிழிச்சியா? பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டதா? தாள் கிழிச்சியா? எங்கள் மகள் முதன்முதலாகத் தன் போனில் மெயிலைப் பொருத்தியபோது, அது இரண்டே நொடியில் தானாகப் பொருந்திவிட்டது. தேதியும் தானாகவே சரியாக இருந்தது. "இதுக்கா அப்பா ஒன்றரை மணி நேரம்?" என்றாள். எனக்கு அந்தப் போன்மேல் மரியாதையே வரவில்லை.

கடைசி இரண்டு வருஷம் மாமாவுக்கு ஞாபகம் தவறிப்போனது. தூங்கி எழுந்தால் ஏதோ ஒரு பழைய வருஷத்தில் இருப்பார். இரண்டாவது லாரி இன்னும் வாங்காத வருஷம். செத்துப்போன டிரைவரைக் கூப்பிடுவார். மலர்விழி ஒருநாளும் "இல்லப்பா, தப்பு" என்று வாதாடவில்லை. காலையில் காபி கொடுத்ததும் சுவர்க் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைப்பாள். "தாள் கிழிங்கப்பா." அவர் நிதானமாக, ஓரம் கிழியாமல் கிழிப்பார். கிழித்த தாளையும் கையில் வைத்துப் பார்ப்பார், புதுத் தாளையும் பார்ப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கிழமைக்கு வந்து சேருவார்.

என் பெயர் அவருக்கு மறந்துவிட்டிருந்தது. என் முகமும் சில நாள் மறந்துவிடும். ஒருநாள் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "இது யாரு தெரியுதா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அந்த மீசை அசைந்தது.

"தெரியாம என்ன?" என்றார். "ஃபாக்டரி சர்வரு சரியில்லன்னு சொன்னவருல்ல!"